காலைக் கூட்டத்தில் கேட்ட குரல்

அத்தியாயம் 14

போன வாரம் நெவெனாவை மீன் கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். எத்தனை பேருக்கு மீன் வேண்டும் என்று கடைக்காரி கேட்க, பதில் தெரியாமல் அவள் தொட்டியில் நீந்தும் கெண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "பெரிசாவே எடுத்து வைங்க, வர்றவங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினாள்.

நோவி சாத் ஊரில் ஸ்லாவாவுக்கு அப்படித்தான். குடும்பத்தின் குலப்புனிதர் நாள் அது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கலாம், ஞானஸ்நானத்துக்கு ஆள் அனுப்பலாம். ஸ்லாவாவுக்கு மட்டும் யாரையும் அழைக்கக் கூடாது. உறவு என்று நினைக்கிறவன் தானே வருவான். அழைத்து வரவழைத்தால் அது வெறும் விருந்து.

இந்த வெள்ளிக்கிழமை ராதிவோய் வீட்டு ஸ்லாவா. விரத நாளில் விழுந்ததால் இறைச்சி கிடையாது, மீன்தான். மருமகள் நெவெனாவுக்குச் சமையலைப் பற்றிக் கவலை இல்லை. வருவானா மாட்டானா என்று தெரியாத ஒருவனைப் பற்றித்தான் கவலை. அவன் விருந்தாளியாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அந்த வீட்டு ஒரே பிள்ளை, அவள் கணவன் போக்தன்.

போக்தன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் ஒரே குழுவில் மென்பொருள் வேலை செய்கிறவர்கள். தானியக் கிடங்குகளில் லாரி எடை பார்ப்பதற்கான மென்பொருள் அது. கோதுமை அறுவடை நேரத்தில் போக்தன் ஏற்றிய புதிய பதிப்பு படுத்துவிட்டது. லாரிகள் கொளுத்தும் வெயிலில் ஊர் எல்லை வரை நின்றன. பிறகு நடந்த அலசல் கூட்டத்தில், குழுவை நடத்தும் பொறுப்பில் இருந்த நெவெனா எல்லார் முன்னாலும் அவனை "ஏன்?" என்று கேட்டாள். பதில் வந்ததும் அதற்கும் ஒரு "ஏன்?". ஐந்து முறை அப்படிக் கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முறை. ஐந்தாவது ஏனுக்கு அவன் பதில் சொல்லவில்லை. "இதை நீ வீட்டுல கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். அந்த வாரமே எல்லை தாண்டி லியுப்லியானாவில் இருக்கும் அத்தை மகனிடம் போய்விட்டான். வேலையை விடவில்லை. மனைவியை விட்டானா என்பது அவனுக்கே தெரியாது.

வேறு யாராக இருந்தாலும் கூட்டத்தில்தான் கேட்டிருப்பேன், கணவன் என்று காப்பாற்றியிருந்தால் மற்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நெவெனா தினமும் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிறாள். நியாயம்தான். ஆனால் நியாயம் என்ன, பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளவா போகிறது?

அவளுக்கு மிச்சமிருப்பது காலைக் கூட்டம். தினமும் ஒன்பதேகாலுக்குக் குழு முழுவதும் கணினித் திரையில் கூடும். ஒவ்வொருவரும் மூன்றே விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், வழியில் என்ன தடை. உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்று எல்லாரும் நின்றுகொண்டே பேசுவார்கள். பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் நெவெனா நான்கு மாதமாகக் குடும்பம் நடத்துகிறாள்.

அவள் மட்டுமல்ல.

திங்கட்கிழமை காலை ராதிவோய் குறுக்கெழுத்துப் புத்தகமும் காப்பியுமாகச் சமையலறைக்கு வந்தார். குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலியைத் திணித்து உட்கார்ந்தார். அங்கே வெளிச்சம் வராது. குறுக்கெழுத்துப் போட அதைவிட மோசமான இடம் அந்த வீட்டில் இல்லை. ஆனால் மருமகளின் மடிக்கணினிக் கேமராவுக்கு எட்டாத இடமும் அது ஒன்றுதான்.

"மாமா, ஹால்ல நல்ல வெளிச்சம் இருக்கு" என்றாள் நெவெனா.

"கண்ணு கூசுது."

"நாலு மாசமா ஒரே பக்கத்தையே போடறீங்க."

"கஷ்டமான பக்கம்மா. நீ உன் வேலையைப் பாரு."

நோவி சாதிலிருந்து பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மகன் போனதிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனவன் முதலில் கூப்பிடட்டும் என்பது அப்பா கட்சி. கூப்பிட்டால் திட்டு விழும் என்பது மகன் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் மருமகளின் மடிக்கணினி இருந்தது.

திரையில் ஒவ்வொரு முகமாக வந்தது. போக்தனின் முறை வந்ததும் குறுக்கெழுத்துப் பென்சில் நின்றது.

"வெள்ளிக்கிழமை எடைமேடைச் சோதனையை முடிச்சேன். இன்னைக்கு ரசீது அச்சடிக்கிற பகுதியைப் பாக்கறேன். தடை எதுவும் இல்ல."

நான்கு மாதமாக அதே கடைசி வரி. தடை எதுவும் இல்ல. ஒரு நாளாவது ஏதாவது இருக்கிறது என்று சொல்ல மாட்டானா என்று நெவெனா காத்திருப்பாள். குழுவில் யாருக்குத் தடை வந்தாலும் அதை எடுத்துப்போடுவதுதான் அவள் வேலை. அவனோ அவளுக்கு அந்த வேலையைக்கூடத் தரவில்லை.

கூட்டம் முடிந்து திரை அணைந்ததும் மூலையிலிருந்து குரல் வந்தது.

"தொண்டை கட்டியிருக்கு."

"சாதாரணமாத்தான் பேசினார் மாமா."

"பொறந்ததிலேருந்து கேக்கற குரல், எனக்குத் தெரியாதா? பின்னால ஜன்னல் தொறந்திருந்துதா?"

"கொஞ்சம்."

"அதான். காத்து நேரா பிடரியில அடிக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்காதேன்னு சொல்றதுதானே?"

"கூட்டத்துல மூணு விஷயம்தான் மாமா பேசலாம். ஜன்னல் அதுல வராது."

"தடையில சேத்துக்க" என்றார் ராதிவோய். காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளிச்சமான ஹாலுக்குப் போனார்.

இரண்டு வார வேலை முடிந்து அடுத்த இரண்டு வாரம் தொடங்குகிற நாள் அது. அந்த நாளில் இன்னும் இரண்டு கூட்டங்கள் உண்டு. காலையில், போன இரண்டு வாரம் எப்படி நடந்தது என்ற அலசல். மத்தியானம், வரும் இரண்டு வாரத்துக்கான திட்டம். அலசலுக்கு முன்பே எல்லாரும் பெயர் போடாமல் சின்னச் சின்ன அட்டைகள் எழுதித் திரையில் இருக்கும் பலகையில் ஒட்டிவிடுவார்கள். நெவெனா ஒவ்வொன்றாகப் படித்துப் பேச்சை நடத்த வேண்டும். நடத்துகிறவளுக்குச் சொந்தக் கருத்து கிடையாது. அந்த விதியைக் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

பத்து மணிக்கு ராதிவோய் மறுபடியும் மூலைக்கு வந்துவிட்டார்.

முதல் அட்டை, சோதனைக் கணினி அடிக்கடி தூங்கிவிடுகிறது என்றது. இரண்டாவது, புதிதாகச் சேர்ந்த இருவருக்கும் நல்ல வரவேற்பு என்றது. அதை எழுதியது அந்த இருவரில் ஒருவர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மூன்றாவதை நெவெனா அதே குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

"காலைக் கூட்டத்தை நிறுத்திவிடலாம். எழுதிப் போட்டால் போதும்."



"எந்தப் புண்ணியவான் இது?" என்றான் ஷார்கோ. குழுவில் எல்லாருக்கும் பிந்தி எழுகிறவன். "நானே எழுதணும்னு இருந்தேன்."

"நீ எந்திரிக்கறதே அந்தக் கூட்டத்துக்காகத்தான்" என்றாள் இல்திகோ. "அதையும் நிறுத்திட்டா உனக்கு மத்தியானம்தான் விடியும்." மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. நெவெனாவின் தோழியும்கூட. அந்தக் கூட்டம் நெவெனாவுக்கு என்ன என்று குழுவில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"யார் எழுதினதுங்கறது முக்கியமில்ல" என்றாள் நெவெனா. விதியைச் சொல்லும்போது அவள் குரல் உறுதியாகத்தான் இருந்தது. "எழுதினவங்க விளக்க விரும்பினா விளக்கலாம்."

"நான்தான் எழுதினேன்" என்றான் போக்தன்.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"எதுக்குன்னு சொல்றேன்" என்று போக்தன் தொடர்ந்தான். திரையைப் பார்க்காமல் கீழே எதையோ பார்த்துப் பேசினான். "யாருக்காவது ஒண்ணு கேக்கணும்னா, காலையில பாத்துக்கலாம்னு வச்சுக்கறோம். காலையில எல்லார் முன்னாலயும் முழுசா கேக்கவும் முடியறதில்ல. மறுபடியும் அடுத்த காலைக்கு வச்சுக்கறோம். முகத்தைப் பாத்தாச்சு, குரலைக் கேட்டாச்சு, அதுவே போதும்னு ஆயிடுது. அப்புறம் யாரும் யாருக்கும் போன் பண்றதில்ல. இந்தக் கூட்டம் இல்லேன்னா ஒருவேளை பண்ணுவோம்."

"ரசீது பிரச்சினையை நீ என்கிட்ட நாலு நாள் கழிச்சுத்தான் சொன்னே, வாஸ்தவம்தான்" என்றான் ஷார்கோ. புதியவர்கள் இருவரும் தலையாட்டினார்கள்.

நெவெனாவுக்கு அவன் எதைச் சொன்னான் என்று புரிந்தது. ரசீதைப் பற்றிச் சொல்லவில்லை. அவளும் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குப் போனை எடுப்பாள், இப்போதுதானே பார்த்தோம் என்று வைத்துவிடுவாள். அரை வயிறு சாப்பிடக் கிடைத்தவன் அடுப்பு மூட்ட மாட்டான். ஆனால் அந்த அரை வயிறும் போய்விட்டால்? அவன் போன் பண்ணுவான் என்று என்ன நிச்சயம்? 'ஒருவேளை' என்றுதானே சொன்னான்.

வாக்கெடுப்பு விரல்களால். ஒரே நேரத்தில் எல்லாரும் கையைக் காட்ட வேண்டும். ஐந்து விரல் என்றால் கூட்டம் வேண்டும், மூடிய கை என்றால் வேண்டாம். இல்திகோ ஐந்து விரலையும் அகல விரித்துக் காட்டினாள். இன்னொரு கையும் தூக்கியிருப்பாள், அதற்கு அனுமதி இல்லை. மற்ற நான்கும் மூடிய கைகள். அதில் ஒரு கையின் மோதிர விரலை நெவெனா பார்த்தாள். கல்யாண மோதிரம் இன்னும் இருந்தது.

"ரெண்டு வாரத்துக்கு நிறுத்திப் பாக்கலாம்" என்று அவள் முடித்துவைத்தாள். "சரியா வரலேன்னா மறுபடியும் பேசலாம்."

நடத்துகிறவளுக்கு வாக்கு கிடையாது. இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானம் அவரை சூப்பும் ரொட்டியும். ராதிவோய் கரண்டியைச் சூப்பில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என் ரேடியோவை நிறுத்திட்டான்" என்றார்.

"ரெண்டு வாரம்தான் மாமா."

"வெள்ளிக்கிழமை அந்த ரெண்டு வாரத்துக்குள்ளதானே வருது?"

நெவெனா ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்தாள்.

"கூப்பிடக் கூடாது, அது நம்ம வழக்கம்" என்றார் அவர். "நான் அதை மாத்தச் சொல்லல. எங்கப்பா தன் தம்பியைக்கூடக் கூப்பிட்டதில்ல. ஆனா அன்னைக்குப் படைக்கிற ரொட்டியை எல்லாருமா பிடிச்சுத் திருப்பணுமே. பாதிரியார் ஒரு பக்கம் பிடிப்பாரு, நான் ஒரு பக்கம். எதிர்ல பிடிக்க இந்த வீட்டு ஆள் ஒருத்தன் வேணும். போன வருஷம் வரைக்கும் இருந்தான்."

"நான் பிடிக்கறேன் மாமா."

"நீ பிடிப்பே. எனக்குத் தெரியும்." அவர் கரண்டியை வைத்தார். "நீ பிடிக்கறப்போ உன் மூஞ்சியை எதிர்ல நின்னு நான் பாக்கணுமே, அதுக்குத்தான் யோசிக்கறேன்."

நெவெனா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குத் தட்டு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு மூடினாள்.

"மத்தியானக் கூட்டத்துல ஒண்ணு கேப்பேன்" என்றாள் திரும்பாமல். "அடுத்த ரெண்டு வாரத்துல யார் யாருக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் லீவுன்னு. எல்லாரையும் கேக்கற கேள்வி. ஸ்லாவாவுக்குச் சட்டப்படி ஒருநாள் லீவு உண்டு. எடுக்கறாரா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

ராதிவோய் யோசித்தார். "அது கூப்பிடறதுல வராதே?"

"வராது. அது கணக்கு."

"அப்ப கேளு" என்றார் அவர். அதன் பிறகுதான் சூப்பைக் குடித்தார்.

மத்தியானம் திரையில் ஒரு அட்டவணை. இடப்பக்கம் பெயர்கள், எதிரே ஒரு கட்டம். யார் எத்தனை நாள் இருப்பார்கள் என்று அவரவரே நிரப்ப வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் எவ்வளவு வேலையை ஏற்றுக்கொள்வது என்று முடிவாகும். நெவெனா தன் கட்டத்தில் ஒன்பது என்று போட்டாள். முழுசாக இருந்தால் பத்து. வருஷா வருஷம் இந்த வாரத்தில் அவள் பெயருக்கும் போக்தன் பெயருக்கும் எதிரே ஒரே எண்தான் இருக்கும். அதைப் பார்த்து ஷார்கோ, "ரெண்டு பேரும் சொல்லிவச்சு மட்டம் போடறீங்க" என்று கிண்டல் செய்வான்.

எப்போதும் யோசித்துப் போடுகிற போக்தன் இன்று யோசிக்கவில்லை. அவன் கட்டத்தில் உடனே எண் விழுந்தது.

பத்து.

ஷார்கோ கிண்டல் செய்யவில்லை. இல்திகோ கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதியவர்களில் ஒருத்தி மட்டும் ஒன்றும் அறியாமல், "நான் எட்டு போடலாமா? பல் டாக்டரைப் பாக்கணும்" என்று கேட்டாள்.

"போடலாம்" என்றாள் நெவெனா.

அடுத்த பெயருக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. ஏன் பத்து என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் எல்லார் முன்னாலும் 'ஏன்' கேட்டுத்தான் அவனை இழந்தாள். மறுபடியும் அதே வார்த்தையை அதே சபையில் வைத்து எப்படிக் கேட்பது? கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 

"எத்தனை போட்டான்?" என்றது மூலை.

நெவெனா ஒலிவாங்கியை அணைக்கவில்லை. அணைக்கத் தோன்றவும் இல்லை. அவள் மாமனாரின் பக்கம் திரும்பினாள். அவள் முகமே பதிலாக இருந்தது.

ராதிவோய் எழுந்தார். குறுக்கெழுத்துப் புத்தகம் தரையில் விழுந்தது. குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி வந்து மருமகளின் தோளுக்குப் பின்னால் நின்றார். குழு முழுவதும் அவரைப் பார்த்தது. திரையில் அவ்வளவு முகங்களைப் பார்த்து அவரும் ஒரு நொடி தயங்கினார். பிறகு தன் பிள்ளையின் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

"நான் உன்னைக் கூப்பிடல" என்றார். "இந்த வீட்டுல அந்த நாளுக்கு யாரையும் கூப்பிடறதில்ல. ஒண்ணு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். ரொட்டியை எதிர்ல யாரு பிடிக்கறது?"

போக்தன் திரைக்கு நெருங்கி வந்தான். 

"அப்பா" என்றான் பிறகு. "நீங்க எப்ப வந்தீங்க அங்க?"

"நான் எங்கடா போனேன், வர்றதுக்கு? தினமும் இங்கதான் உக்காந்திருக்கேன். அந்தப் பெட்டிக்குப் பின்னால."

"தினமுமா?"

"தினமும். வெள்ளிக்கிழமை இருமினே. போன வாரம் ரெண்டு நாள் சாப்பிடாம வந்து நின்னே, குரல்லயே தெரிஞ்சுது. இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து."

லியுப்லியானாவில் போக்தன் திரும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினான். அவன் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.  

"அப்பா கேட்டுட்டார்" என்றான் போக்தன் மெதுவாக. "நெவெனா, நீ ஒண்ணுமே கேக்கலியே."

"கேட்டா உனக்குப் பிடிக்காது."

"குழுவுக்காகக் கேட்டாத்தான் பிடிக்காது."

அவள் இல்திகோவைப் பார்க்கவில்லை. புதியவர்களைப் பார்க்கவில்லை. நடத்துகிறவளுக்குச் சொந்தக் கருத்து கிடையாது என்ற விதி எங்கே போனது என்றும் தேடவில்லை.

"குழுவுக்கு உன்னோட பத்து நாளும் வேணும்" என்றாள். "எனக்கு வெள்ளிக்கிழமை வேணும். அன்னைக்கு மட்டும் போதும்னு பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு காலையிலயும் நீ பேசி முடிச்சப்புறம் அந்தத் திரை அணையறப்ப எனக்கு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது. நீ வரணும்னு இருக்கு எனக்கு. ரொம்ப இருக்கு."

சொல்லி முடித்ததும் நெவெனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாமனாரின் கை அவள் தோளில் கனமாக இறங்கியது. மருமகள் வழக்கத்தை மீறிவிட்டாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போக்தன் விசைப்பலகையின் மேல் குனிந்தான். அட்டவணையில் அவன் பெயருக்கு எதிரே இருந்த பத்து அழிந்தது.

கட்டம் காலியாக நின்றது. அவன் இன்னும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறான் என்று காட்டும் சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

ராதிவோயின் கண்ணாடி ஹாலில் இருந்தது. அவர் திரையை நோக்கிக் குனிந்து கண்ணைச் சுருக்கினார்.

"என்னம்மா எழுதறான்?"

"இன்னும் எழுதல மாமா" என்றாள் நெவெனா.